டிரிப்ஸில் வளரும் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை

கேள்வி: என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்தான். குடல் அழுகியதால் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஆறு வாரமாக ஊட்டச்சத்து எல்லாம் டிரிப்ஸில்தான். இப்போது கண் மஞ்சளாகிவிட்டது. டிரிப்ஸால் கல்லீரல் பாதித்திருக்கிறது, மீன் எண்ணெய் ஏற்றலாம் என்கிறார்கள். அதை வாயிலேயே கொடுக்கக் கூடாதா? மாமியார் கீழாநெல்லி கொடுக்கச் சொல்கிறார்.
- ஒரு தாய், காசிமேடு

பதில்: கீழாநெல்லி வேண்டாம், அம்மா. வெயிலில் காட்டுவதாலும் இந்த மஞ்சள் போகாது. பிறந்த சில நாளில் வந்து போகும் மஞ்சள் வேறு, இது வேறு. இங்கே பித்தநீர் கல்லீரலிலேயே தேங்குகிறது. டயப்பரைப் பாருங்கள்: மலம் களிமண் போல வெளுத்திருந்தால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

டிரிப்ஸை நிறுத்திவிடலாமா என்றும் தோன்றும். கூடாது. மிச்சக் குடல் தேறும்வரை பிள்ளைக்குச் சாப்பாடே அதுதான். மாற்ற வேண்டியது அதிலுள்ள கொழுப்பை. வழக்கமாக ஏற்றுவது சோயா எண்ணெய்க் கொழுப்பு. அதிலுள்ள தாவர ஸ்டெரால்கள் என்ற செடிக் கொழுப்புப் பொருள்கள் பித்தநீர் ஓட்டத்தைத் தடுக்கின்றன. மீன் எண்ணெயில் அவை அநேகமாக இல்லை. அதனால்தான் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் கணக்கில் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் இதே பாதிப்புக்காக 2018இல் ஒமேகாவென் என்ற மீன் எண்ணெய் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ரத்தத்தில் ஏற்றுவதற்கென்றே சுத்தமாகத் தயாரித்த மருந்து அது. கடையில் விற்கும் மாத்திரையைக் கிள்ளி வாயில் விட்டால் அந்த வேலை நடக்காது, புரையேறும் ஆபத்தும் உண்டு. மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபின் ரத்தத்தில் இறங்க வாரக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். நாளைக்கே கண் வெளுக்கவில்லையே என்று மனம் உடையாதீர்கள்.

ஆனால் என் கணக்கில் பெரிய மருந்து உங்களிடம்தான் இருக்கிறது: தாய்ப்பால். டாக்டர் அனுமதித்தால் மணிக்கு 1 மில்லி டியூப் வழியாகப் போனாலும் போதும், குடல் விழித்துக்கொள்ளும், பித்தம் ஓடத் தொடங்கும். வாய்வழிப் பால் ஏற ஏற டிரிப்ஸ் குறையும், கல்லீரலும் தேறும். அதுவரை இரவிலும் பீய்ச்சி எடுங்கள், சுரப்பு நின்றுவிடக் கூடாது.

அப்புறம் கிருமித் தொற்று. அந்த டிரிப்ஸ் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் புகுந்தால் கல்லீரல் இன்னும் வேகமாகக் கெடும். பார்க்க வரும் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளையைத் தொட விடாதீர்கள்.