ப்ராஜெக்ட் ஷெட்யூல் போட எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதன்முறையாக ஷெட்யூல் போடச் சொல்லியிருக்கிறார்கள், எக்ஸெலைத் திறந்துவைத்தும் ஒன்றும் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எக்ஸெலை இப்போதைக்கு மூடிவிடுங்கள். ஒட்டுத்தாள்கள் ஒரு கட்டும் ஒரு பேனாவும் போதும்.

என் முதல் ஷெட்யூலில் டெட்லைனை எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி வேலைகளை நிரப்பிக்கொண்டே வந்தேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் டெஸ்டிங்குக்கு வந்தவர்கள், கோடிங் முடியாததால் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எது முடிந்தால் எது தொடங்கும் என்று நான் யாரிடமும் கேட்கவே இல்லை. தேதி கடைசியில்தான் வர வேண்டும்.

ஒரு தாளில் ஒரு வேலை எழுதுங்கள். 'வெப்சைட்' என்று மொத்தமாக எழுதினால் பயன் இல்லை. ஒருவர் பொறுப்பேற்று, 'முடிந்தது' என்று சந்தேகமில்லாமல் சொல்லும் அளவுக்குப் பிரியுங்கள். ஒரு நாளுக்குக் குறையாமல், இரண்டு வாரத்துக்கு மிகாமல் இருந்தால் கண்காணிக்க வசதி.

அப்புறம் ஒவ்வொரு தாளையும் எடுத்து, இதைத் தொடங்க எது முடிந்திருக்க வேண்டும் என்று கேட்டு வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். உதாரணத்துக்கு: டிசைன் 5 நாள், அதன் பிறகு கோடிங் 7 நாள். இன்னொரு பக்கம் கட்டுரைகள் எழுத 8 நாள். இரண்டும் முடிந்ததும் டெஸ்டிங் 4 நாள். டிசைன் வழியாகப் போனால் 16 நாள், கட்டுரை வழியாகப் போனால் 12 நாள். ஆக, 16 நாளுக்கு முன் இந்த வேலை முடியாது. இந்த நீளமான வழிதான் கிரிட்டிகல் பாத். கட்டுரை 4 நாள் தள்ளிப்போனாலும் பாதகமில்லை, கோடிங் ஒரு நாள் தள்ளினால் எல்லாமே தள்ளும். அவசரம் என்று கூடுதல் ஆள் போடுவதாக இருந்தாலும் கோடிங் போல இந்த நீளமான வழியில் உள்ள வேலையில் போட்டால்தான் பலன். கட்டுரைப் பக்கம் போட்டு ஒரு நாள்கூட மிச்சமாகாது. 1950களின் பிற்பகுதியில் டூபான்ட் நிறுவனத்தில் உருவான இந்த முறையை நான் இன்றும் பேனாவால்தான் கணக்குப் போடுகிறேன்.

எத்தனை நாள் ஆகும் என்பதை அந்த வேலையைச் செய்யப்போகிறவரிடமே கேளுங்கள். அவர் தயங்கினால் மூன்று எண் கேளுங்கள்: எல்லாம் நன்றாக நடந்தால் 4, வழக்கமாக 6, சொதப்பினால் 14 என்கிறாரா? நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 7 வரும். 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்த பெர்ட் முறையின் கணக்கு இது. வெறும் 6 என்று எழுதுவதைவிட 7 எவ்வளவோ நேர்மையானது.

இதற்குப் பிறகு எக்ஸெலைத் திறந்து தேதி போடுங்கள், கான்ட் சார்ட் (எந்த வேலை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று பட்டைகளாகக் காட்டும் படம்) வரையுங்கள். அதெல்லாம் எளிது. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு வேலையில் மாட்டியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் நாளையும் ஒரு வேலையாகவே எழுதி ஒட்டுங்கள். மேலே சொன்ன கணக்கில், டிசைனுக்கு ஒப்புதல் தர மேலாளர் 2 நாள் எடுப்பார் என்றால், யாரும் தாமதிக்காமலேயே உங்கள் 16 நாள் 18 ஆகிவிட்டது.