வெங்காயத் தாளில் அசுவினி: வேப்பெண்ணெய் அடித்தும் போகவில்லையே, ஏன்?

முதலில் தாள்களை விலக்கி, அவை பிரியும் இடுக்கைப் பாருங்கள். சின்ன வெங்காயத்தில் அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) என்று நினைப்பது பல நேரம் இலைப்பேனாக (த்ரிப்ஸ்) இருக்கும். இலைப்பேன் ஒல்லியாக, வெளிர்மஞ்சளாக இருக்கும், தொட்டால் ஓடும். அது சுரண்டிய இடமெல்லாம் வெள்ளிக் கோடுகளாகத் தெரியும். அசுவினி குண்டாக, கும்பலாக, அசையாமல் ஒட்டிக் கிடக்கும். தாள் பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். பூச்சியைப் பிடிக்கும் மஞ்சள் ஒட்டும் அட்டை சிறகுள்ள அசுவினிக்கு. இலைப்பேனுக்கு நீல அட்டை.

அசுவினிதான் என்றால் வேப்பெண்ணெய்க்கு முன் தண்ணீர். ஒரு கையால் தாளைத் தாங்கிப் பிடித்து, இடுக்கிலும் படும்படி காலையில் பீய்ச்சுங்கள். உதிர்ந்ததில் பெரும்பகுதி திரும்ப ஏறாது. நான்கைந்து தொட்டிதான் என்றால் பல நேரம் இதுவே போதும்.

வேப்பெண்ணெய் தோற்பதற்கு முக்கியக் காரணம் வெங்காயத் தாளின் மெழுகுப் பூச்சு. வெறுமனே அடித்தால் தாமரை இலைத் தண்ணீர்தான். 1 லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 2 முதல் 3 மி.லி. காதி திரவ சோப்பு. எண்ணெயையும் சோப்பையும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் பால் போல் வெளுக்கும்வரை அடித்துக் கலக்கிவிட்டு, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். மேலே எண்ணெய்ப் பொட்டு மிதந்தால் கலவை சேரவில்லை. அதை அடித்தால் தாள் கருகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிந்து வெள்ளையாகப் படியும், மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள். துணி சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம்.

முதலில் ஒரு செடியில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள். வெயில் வேப்பஞ்சத்தைச் சிதைத்துவிடும், அதனால் மாலையில்தான். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

அடித்த மறுநாளும் பூச்சி இருக்கிறதே என்று அளவைக் கூட்டாதீர்கள். சோப்பு தான் நனைத்ததை மட்டும் கொல்லும். வேம்பு தோலுரிப்பையும் வளர்ச்சியையும் கெடுப்பதால் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். அசுவினி முட்டையிடாமல் நேரே குட்டி போடும், வெக்கையில் அந்தக் குட்டி சுமார் ஒரு வாரத்தில் தாயாகிவிடும். ஆகவே 5 நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை.

பூண்டுக் கரைசலை எல்லோரும் சொல்வார்கள். வெங்காயத்திலேயே குடியிருக்கும் பூச்சியைப் பூண்டு வாசம் விரட்டும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எறும்பை விட்டுவைத்தால் செய்ததெல்லாம் வீண். இனிப்புக் கழிவுக்காக அது அசுவினியைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். தொட்டி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். கறுப்பு உடலில் ஆரஞ்சுத் திட்டோடு ஊர்வது பொறிவண்டின் புழு, தெரியாமல் நசுக்கிவிடாதீர்கள். அது இருக்கும் செடியில் தெளிக்காமல் விட்டாலே வேலை நடக்கும். கடலைப் புண்ணாக்குக் கரைசலையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள், தழைச்சத்து மிஞ்சினால் தாள் கொழுத்துப் பூச்சியைக் கூப்பிடும்.

தாள் மஞ்சள் வரியோடி, நெளிந்து, துவண்டு தொங்கினால் அது அசுவினி பரப்பிய வைரஸாக இருக்கலாம். எந்தத் தெளிப்பும் அதைத் தீர்க்காது. செடியோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்தத் தொட்டிக் காயை விதைக்கு எடுக்க வேண்டாம், காய் வழியாகவே அடுத்த நடவுக்கும் போகும்.