கூப்பன் இருக்கட்டும், கூடையில் என்ன போடுகிறீர்கள்?

கேள்வி: கோவை சிங்காநல்லூரில் இருக்கிறோம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு 9, 13 வயது. மளிகை முழுக்க ஆப்பில்தான். 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 100 ரூபாய் தள்ளுபடி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கூப்பன் வந்துகொண்டே இருக்கிறது. விட மனசு வரவில்லை. ஆனால் அலமாரியைத் திறந்தால் பிஸ்கட், நூடுல்ஸ், ஜூஸ் பாக்கெட்டுகள்தான் நிறைந்து கிடக்கின்றன. ஆரோக்கியமாகச் சாப்பிட வேண்டுமென்றால் கூப்பனையே மறந்துவிட வேண்டுமா?

பதில்: மறக்க வேண்டாம். உங்கள் வீட்டில் சிக்கல் எந்த இடத்தில் நுழைகிறது என்பதை மட்டும் பிடித்துவிட்டால் போதும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தேவையானதையெல்லாம் சேர்த்தபின் கூடையில் 860 ரூபாய் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பன் செல்ல இன்னும் 139 ரூபாய் வேண்டும். சிப்ஸும் குக்கீஸும் 150 ரூபாய்க்குச் சேர்க்கிறீர்கள். மொத்தம் 1,010, தள்ளுபடி போக 910. நூறு ரூபாய் மிச்சம் என்று திரையில் வரும். உண்மையில் கையை விட்டு 50 ரூபாய் அதிகம் போயிருக்கிறது, யாரும் கேட்காத நொறுக்குத்தீனியும் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதே 150 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு சேர்த்திருந்தால்? அதே 910 ரூபாய்தான். ஆனால் அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகிற பருப்பு, இந்த மாதமே 50 ரூபாய்க்குக் கிடைத்திருக்கும்.

ஆகவே தொகையை நிரப்புவதற்கென்றே ஒரு தனிப் பட்டியல் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பாசிப்பயறு, கொண்டைக்கடலை, பச்சை வேர்க்கடலை, பொட்டுக்கடலை, எள், அப்புறம் துணி சோப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு, பற்பசை. சீக்கிரம் கெட்டுப்போகாதது, எப்படியும் தீரக்கூடியது, இந்த இரண்டும் பொருந்தினால் பட்டியலில் சேரலாம். சோப்பு வகைக்குக் கூப்பன் தாராளமாக வரும். அதில் மிச்சமாகும் பணத்தைக் காய்கறிக்குத் திருப்பிவிடுங்கள்.

காய்கறிக்கு ஏன் அதிகம் கூப்பன் வருவதில்லை என்று தோன்றலாம். பல தள்ளுபடிகளின் செலவை ஏற்பது பொருளைத் தயாரிக்கும் நிறுவனம். விலையில் விளம்பரத்துக்கு இடம் இருக்கிற பொருளுக்குத்தான் அது கட்டுப்படியாகும். முருங்கைக்கீரைக்கும் சுரைக்காய்க்கும் பிராண்ட் கிடையாது, செலவு செய்ய ஆளும் இல்லை. அதனால் கூப்பன் காட்டும் பக்கமே போனால், மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த பாக்கெட் பொருட்களில்தான் போய் நிற்போம்.

எதை எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குக் கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பருப்பு, பயறு வகை 85 கிராம், எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று சொல்கிறது. நான்கு பேருக்கு மாதக் கணக்காகப் பெருக்கினால் பருப்பு 10 கிலோ, எண்ணெய் சுமார் மூன்றரை லிட்டர், காய்கறி 48 கிலோ. சின்னவருக்குக் கொஞ்சம் குறையும். முட்டை, கறி சாப்பிடும் வீடென்றால் பருப்பிலும் ஒரு பகுதி குறையும். இருந்தாலும் பெரும்பாலான வீடுகளில் நிலைமை தலைகீழ்: பருப்பு இதில் பாதிகூடத் தீருவதில்லை, எண்ணெய் மட்டும் அளவைத் தாண்டிவிடும். பருப்புக்கு வரும் கூப்பனைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். எண்ணெய்க்கு வந்தால் வாங்குங்கள், ஆனால் இலவசமாக வந்த இரண்டாவது பாக்கெட்டை அடுத்த மாதத்துக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் வாணலியில் தாராளம் வந்துவிடும்.

மழைக்காலத்தில் பருப்பு, பயறை இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். வண்டு விழுந்தால் தள்ளுபடியும் போச்சு, பருப்பும் போச்சு.

'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' வரும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். நாள் நெருங்கிய சரக்கைத் தள்ளவும் இப்படிச் சலுகை தருவதுண்டு. விலையை ஒப்பிட, பாக்கெட்டில் எம்ஆர்பியோடு அச்சாகியிருக்கும் ஒரு கிராமுக்கான விலை உதவும். ஆனால் அது எம்ஆர்பி கணக்கு. நீங்கள் கொடுக்கும் விலை வேறென்றால் எடையால் வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று நம்பிவிட வேண்டாம்.

பாக்கெட்டின் முன்பக்கம் 'மல்டிகிரெய்ன்', 'ராகி' என்று பெரிதாகப் போட்டிருந்தால் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் போட வேண்டும் என்பது விதி. முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, எங்கோ கடைசியில் ராகி என்றால் அது மைதா பிஸ்கட்தான். பிள்ளைகளுக்கான மால்ட் பானங்களையும் இப்படியே பாருங்கள். இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் காட்டி விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. பாதி விலைக்குக் கிடைத்தாலும் அதிலுள்ள சர்க்கரை பாதியாகிவிடாது.

காய்கறியை ஆப்பில் தேடாமல் உங்கள் ஊர் உழவர் சந்தைக்கே வாரம் ஒரு காலை போய் வாருங்கள். 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. விவசாயிகளே நேரடியாக விற்கிறார்கள், அன்றைய விலையும் பலகையில் எழுதியிருக்கும். சீக்கிரம் வாடும் கீரை, வெண்டைக்காயை முதல் இரண்டு மூன்று நாளில் சமைத்துவிட்டு, பூசணி, சேனை, கேரட், பீட்ரூட்டை வாரக் கடைசிக்கு ஒதுக்குங்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் இந்த வரிசைதான் காய் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றும்.

பிள்ளைகளின் நூடுல்ஸை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். வாரம் ஒரு முறை என்று பேசி வைத்துக்கொண்டு, அதற்கு வேண்டியதை மட்டும் கூப்பன் இல்லாமல் முழு விலைக்கே வாங்குங்கள். சலுகையில் வரும் பன்னிரண்டு பாக்கெட் பெட்டியைவிட அது செலவு குறைவு. எந்தக் கிழமை என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.