கையேட்டுக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருந்து அரிசி ஆலைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். கையேடு கொடுத்தும் வாடிக்கையாளர்கள் ஒரே சந்தேகத்தைத் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பயனர் கருத்துகளைத் தானாகவே திரட்டும் இணையக் கையேட்டை ஆண்டுச் சந்தாவுக்குத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்களுக்குக் கருத்துகளுக்குப் பஞ்சமே இல்லை. நாள்தோறும் வரும் அழைப்புகளைப் பதில் சொன்ன கையோடு மறந்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

அழைத்தவர் எந்தத் திரையில் நின்றுபோனார், மென்பொருளின் எந்தப் பதிப்பை வைத்திருக்கிறார், என்ன செய்ய முயன்றார், கையேட்டைப் பார்த்தாரா என்பவற்றை ஒரு எக்செல் தாளில் குறித்து வந்தாலே போதும். அம்பாசமுத்திரத்து ஆலைக்காரர் ஒருவர், "26 கிலோ மூட்டைக்கு வரியே விழவில்லை, உங்கள் மென்பொருளில் கோளாறு" என்று அழைப்பதாக வைத்துக்கொள்வோம். பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்றாலும், அது 25 கிலோ வரையிலான மூட்டைக்கு மட்டுமே என்பதால் மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் கையேட்டில் 'பொருளுக்குரிய வரியைத் தேர்வு செய்க' என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் அழைக்காமல் என்ன செய்வார்? அந்த இடத்தில் மூட்டையின் எடையைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்து, திருத்திய தேதியைக் குறித்து, அந்தப் பக்கத்தை அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தாம் சொல்லி ஒன்று மாறியதைக் கண்டவர் அடுத்த குறையையும் சொல்வார். திருத்திய பின்னும் அதே கேள்வி வந்தால் திரையைத்தான் மாற்ற வேண்டும்.

முகவர் காட்டும் தளத்தில் பக்கந்தோறும் 'பயனுள்ளதாக இருந்ததா?' என்ற பொத்தானும், மாதக் கடைசியில் ஒரு வண்ண வரைபடமும் இருக்கும். 'இல்லை' என்று அழுத்தியவருக்கு எந்த வாக்கியம் புரியவில்லை என்பதை அந்த வரைபடம் சொல்லாது. அதைவிட மோசமானது, நீங்கள் எழுதியதெல்லாம் அவர்களுடைய வடிவத்தில் பூட்டிக் கிடப்பதும், சந்தா நின்றதும் பக்கங்கள் மறைந்துபோவதும். ஸ்பிங்க்ஸ், எம்கேடாக்ஸ் போன்ற திறமூலக் கருவிகளுக்குக் கட்டணமே கிடையாது. எளிய உரைக்கோப்புகளாக எழுதியதை அவை இணையப் பக்கங்களாக்கித் தரும், அந்தக் கோப்புகளை நிரலோடு சேர்த்து, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) களஞ்சியத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

கருத்து வந்தும் பக்கத்தைத் திருத்தக் கூடாத இடம் ஒன்று உண்டு. இதில் பலரும் சறுக்குகிறார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது புதிய பதிப்பு வெளியிட்டிருப்பீர்கள். எல்லாக் கடைக்காரர்களும் அதை உடனே ஏற்றியிருக்க மாட்டார்கள். பழைய பதிப்பில் இருப்பவர், கையேட்டில் உள்ள பொத்தான் தம் திரையில் இல்லை என்று புகார் செய்வார். அவருக்காகப் பக்கத்தை மாற்றினால், மறுநாள் புதிய பதிப்புக்காரர் அதே புகாரோடு வருவார். அவருக்காக மீண்டும் மாற்றினால் கையேடு இருவருக்கும் பயன்படாமல் போகும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கையேடு இருக்கட்டும், பதிப்பு எண் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தெரியட்டும். பதிப்பு எண்ணைக் கேட்காமல் எந்தப் புகாரையும் தாளில் ஏற்ற வேண்டாம் என்று அழைப்பை எடுப்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தப்புள்ளிகளில் இன்றும் 'பயனர் கையேடு, இரண்டு பிரதிகள், அச்சிட்டுக் கட்டியது' என்று கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டு அலமாரியில் வைக்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்த்தார்களா என்று கேட்பாரில்லை. கல்லூரிகளிலும் ஆவணம் என்றால் ரெக்கார்டு நோட்டு எழுதுவதைப் போலத்தான் பழக்குகிறார்கள். இந்தப் பழக்கம்தான் முகவர்களுக்குப் பிழைப்பு.

முகவர் அடுத்த முறை வரும்போது, அவருடைய தளத்தில் உள்ள ஒரு கையேட்டைப் படங்களோடும் இணைப்புகளோடும் உரைக்கோப்பாக உங்கள் கண்ணெதிரே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் என்று பேச்சைத் தொடங்கினால், காப்பி குடிக்கக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.