கூட்டம் மிகுந்த பொதுநிலத்தில் முதல் எல்க் வேட்டை: கேள்வி பதில்

கொலராடோவின் மேற்கு மலைகளில் பதினான்கு ஆண்டுகளாக, யாரும் போகக்கூடிய அரசுப் பொதுநிலத்தில் எல்க் என்னும் பெரிய மானின் வேட்டைக்குப் போய்வருகிறேன். அவற்றில் ஐந்து முறைதான் இறைச்சியோடு வீடு திரும்பியிருக்கிறேன். முதல்முறை போகத் திட்டமிடும் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (டல்லஸ்): நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடவே கூடாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. ஆனால், ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே உரிமத்தை முதலில் வாங்குங்கள், பயிற்சியைப் பிறகு தொடங்குங்கள். நண்பரின் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுடுவதற்கும் இதே வரிசைதான். பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இதில் சிறு பிழைகூடக் குடியேற்றச் சிக்கலில் கொண்டுபோய் விடும் என்பதால், வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது செலவல்ல.

கேள்வி (சிகாகோ): வேட்டை உரிமத்துக்கான குலுக்கலில் இடம் கிடைக்காவிட்டாலும் போக வழி உண்டா?

கொலராடோவைப் பலரும் முதலில் தேர்ந்தெடுப்பதே இதற்காகத்தான். குலுக்கலுக்கான விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். தவறவிட்டாலும், இரண்டாம், மூன்றாம் துப்பாக்கி வேட்டைப் பருவங்களில் பல பகுதிகளுக்கு ஆண் எல்க் உரிமத்தை நேரடியாக விலை கொடுத்து வாங்கலாம். வில்வேட்டையில் வெளிமாநிலத்தாருக்கு இருந்த இந்த வசதி 2025 முதல் குலுக்கலுக்கு மாறிவிட்டதால், அந்த ஆண்டுக்குரிய விதிக் கையேட்டைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கட்டாயம் என்பதையும் கடைசி வாரத்தில் நினைத்துப் பதறாதீர்கள்.

கேள்வி (ஆஸ்டின்): முதல் நாள் விடியலில் வண்டி நிறுத்துமிடமே நிரம்பி வழியும் என்கிறார்கள். எவ்வளவு தூரம் நடந்தால் கூட்டம் விடும், ஐயா?

இந்தக் கேள்வியைத் தூரத்தால் அளப்பதில்தான் எல்லோரும் தவறுகிறோம். நானும் முதல் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் அளந்தேன். நடைபாதை நன்றாக இருந்தால் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலும் கூட்டம் இருக்கும். குதிரையில் வருபவர்கள் அதற்கும் அப்பால் கூடாரம் அடித்திருப்பார்கள். மனிதர்கள் போகும் வழியை வரைபடத்தில் முதலில் குறியுங்கள்: சாலைகள், நடைபாதைகள், முகாம் போடத் தோதான சமதளங்கள், தொலைநோக்கியோடு உட்கார வசதியான முகடுகள். இவற்றையெல்லாம் வண்ணம் தீட்டிய பிறகு எஞ்சும் வெள்ளைத் திட்டுகளில்தான் உங்கள் வேட்டை இருக்கிறது. பெரும்பாலும் அவை வடக்குப் பார்த்த செங்குத்துச் சரிவுகளாகவும், விழுந்த மரங்கள் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும் இருண்ட ஊசியிலைக் காடுகளாகவும், இரண்டு நடைபாதைகளுக்கு நடுவே யாருக்கும் வேண்டாத பள்ளங்களாகவும் இருக்கும்.

வொயிட் ரிவர் தேசிய வனத்தில் ஒருமுறை, மூன்று மணி நேரம் ஏறி அடைந்த முகட்டில் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பிகள் ஏழு எண்ணிவிட்டு, மனம் வெறுத்து இறங்கிக்கொண்டிருந்தேன். சாலைக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, பாதையை விட்டு ஒரு சரிவில் குறுக்கே வெட்டினேன். மாட்டுத்தொழுவத்து வாசனை முகத்தில் அடித்தது. காலடியில் புழுக்கை இன்னும் பளபளத்தது. விரலால் அழுத்தினால் சூடு தெரிந்தது. அதிகாலையில் அத்தனை பேர் விளக்கோடு கடந்து போன பாதைக்குக் கீழேயே ஓர் எல்க் மந்தை படுத்திருந்திருக்கிறது. அன்று நான் சுடவில்லை, கிளை முறியும் ஓசை மட்டும்தான் கேட்டேன். ஆனால் அதன் பிறகு முகட்டுக்கு ஏறுவதை விட்டுவிட்டேன்.

கூட்டத்தைப் பகையாக மட்டும் பார்க்காதீர்கள். முதல் நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கில் நடமாட்டம் மிகுந்து மந்தைகள் இடம்பெயரத் தொடங்கும். இருட்டிலேயே போய், இரண்டு பள்ளத்தாக்குகளை இணைக்கும் தாழ்வான கணவாயில் காற்றுக்கு எதிராக அமர்ந்துவிட்டால், மற்றவர்கள் கலைப்பது உங்களிடம் வரலாம். பத்து மணிக்குக் குளிர் தாங்காமல் எழுந்து முகாமுக்குத் திரும்புபவர்களும் எல்க்கை எழுப்பிவிடுவார்கள். அதனால் மதியம் வரை அசையாமல் இருங்கள்.

கேள்வி (ராலே): எல்க் மோப்பம் பிடிக்காதபடி காற்றைப் பார்த்து நகர வேண்டும் என்கிறார்களே, மலையில் காற்று மாறிக்கொண்டே இருக்காதா?

மாறும், ஆனால் ஒரு முறையோடு மாறும். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் சரிவைச் சுட்டதும் மேலேறும். மாலையில் மீண்டும் இறங்கும். எனவே காலையில் கீழிருந்தும், வெயில் ஏறிய பிறகு மேலிருந்தும் அணுகுங்கள். சிறு குப்பியில் முகப்பவுடர் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊதிப் பாருங்கள். எல்க் தன் கண்ணைச் சந்தேகித்து நின்று பார்க்கும். மூக்கைச் சந்தேகிப்பதே இல்லை.

கேள்வி (பீனிக்ஸ்): எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

தோட்டா அளவுகளில் .308, .270, .30-06 மூன்றில் எதுவும் போதும். நானூறு மீட்டரில் சுடும் கனவை விடுத்து, மூச்சிரைக்கும் நிலையில் இருநூறு மீட்டரில் தட்டு அளவு வட்டத்துக்குள் சுடப் பழகுங்கள். இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலமும் தலையிலும் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிவது சட்டம். கூட்டத்துக்கு நடுவே அது உயிர்க்காப்பும்கூட.

கேள்வி (டென்வர்): தனியாகப் போகிறேன். சுட்டுவிட்டால் எப்படி வெளியே கொண்டுவருவது?

இதை முதலிலேயே கேட்டிருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். வளர்ந்த ஆண் எல்க் முந்நூறு கிலோவைத் தொடும். எலும்பு நீக்கிய இறைச்சியே எண்பது, தொண்ணூறு கிலோ வரும். ஒரு நடைக்கு இருபத்தைந்து கிலோ என்றால் நான்கு நடை. வண்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிச் சுட்டால், நான்கு முறை சுமந்து வரவும் மூன்று முறை வெறும் முதுகோடு திரும்பிப் போகவும் இருபத்தொரு கிலோமீட்டர், அதுவும் மலையில். ஆகவே, எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைக் கால் தீர்மானிக்கக் கூடாது, முதுகு தீர்மானிக்க வேண்டும்.

வயிற்றைத் திறக்காமலேயே ஒரு பக்கத் தோலை உரித்து, முன்சப்பை, பின்னந்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி என்று எடுத்து, பிறகு உடலைப் புரட்டி மறுபக்கம் எடுங்கள். தோல் கம்பளி போல வெப்பத்தைப் பிடித்துவைக்கும்; அக்டோபர் வெயிலில் தாமதித்தால் தொடை எலும்பை ஒட்டிய கறிதான் முதலில் கெடும். காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள், நெகிழிப் பையில் அடைக்காதீர்கள். உரிமச் சீட்டில் உடனே கையெழுத்திட்டு இணைப்பதும், ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பைக் கறியோடு ஒட்டியபடியே விடுவதும் கட்டாயம். உண்ணத் தகுந்த கறியைக் காட்டில் விட்டுவருவது குற்றம்.

கேள்வி (சியாட்டில்): இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். அமெரிக்காவில் இதை எப்படி ஞாயப்படுத்துகிறீர்கள்?

கேட்க வேண்டிய கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலராடோவில் எல்க் ஏறக்குறைய அழிந்துபோய், வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. இன்று அங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேல் உள்ளன. உரிமக் கட்டணமும், 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டாக்கள் மீது விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரியும் அந்த மீட்சிக்குப் பெரும்பங்கு அளித்தன. இது எண்ணிக்கை பற்றிய பதில் மட்டுமே. விழுந்த விலங்கின் அருகில் மண்டியிடும்போது எழும் கேள்விக்கு வரிக்கணக்கு பதிலாகாது. அது எனக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது.

கேள்வி (ஹூஸ்டன்): கடல்மட்டத்தில் வாழ்பவன். ஐந்து நாள் விடுப்புதான் இருக்கிறது. போதுமா?

வேட்டைக்கு முன்பு இரண்டு நாள் ஒதுக்க முடியாவிட்டால் அடுத்த ஆண்டு வாருங்கள். மூவாயிரம் மீட்டரில் முதல் இரவு தூக்கம் வராது, லேசாகத் தலை வலிக்கும். நீர் குடித்து ஓய்வெடுத்தால் சரியாகலாம். வலி கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, விடியலுக்குக் காத்திராமல் அந்த இரவே கீழே இறங்கிவிடுங்கள்.