அம்மா தலையாட்டினால் புரிந்துவிட்டதாக அர்த்தமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரை, தைராய்டு இரண்டும் உண்டு. போன மாதம் கால்சியம் மாத்திரையும் சேர்ந்துகொண்டது. டாக்டர் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டதுமே தலையாட்டிவிடுகிறார். வீட்டில் காலைக் காபியோடு மூன்றையும் சேர்த்து விழுங்குகிறார். திரும்பக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று எனக்கும் தயக்கம். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: முதலில் அந்தக் காபியை நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம் அதோடு சேரவே கூடாது; தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும். நடுவில் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சர்க்கரைக்கு மெட்பார்மின் என்றால் சாப்பாட்டோடு. அட்டையில் 'எஸ்.ஆர்.' (SR) என்று இருந்தால் அது மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் மாத்திரை; உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

இனி அந்தத் தலையாட்டலுக்கு வருகிறேன். நான் 31 வருடம் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றவள். ஒருநாள் மூட்டுவாதத்துக்காக ஒரு பெரியவருக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருந்தார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து அது. 4 வாரத்துக்கு 4 மாத்திரை கொடுத்து, "வாரத்துக்கு ஒண்ணு, புரிஞ்சுதாய்யா?" என்றேன். தலையாட்டினார். பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.

ஐந்தாம் நாள் காலை மறுபடி வந்து நின்றார். "மாத்திரை தீந்துபோச்சு தாயி." பேசும்போதே வாயைத் திறக்க முடியவில்லை, உள்ளே முழுக்கப் புண். ரசம்கூட இறங்கவில்லையாம். தினம் ஒன்று போட்டிருக்கிறார். ரத்த அணுக்கள் குறைந்து வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார். ஆனால் அவரை எப்படிக் குறை சொல்வது? அதுவரை அவர் வாங்கிய எல்லா மாத்திரையும் தினசரி மாத்திரைதான். கேட்ட விதத்தில்தான் தப்பு, அது என் தப்பு.

அன்றிலிருந்து 'புரிஞ்சுதா' என்று யாரிடமும் கேட்டதில்லை. "வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்பேன். வார மாத்திரை என்றால் கவரில் 'செவ்வாய்' என்று கிழமையையே எழுதிவிடுவேன். சீட்டில் '1-0-1' என்று இருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று அர்த்தம். வருடக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இதை யாரும் சொன்னதே இல்லை தெரியுமா?

டாக்டர் அப்படிக் கேட்காவிட்டால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன் டாக்டர், சரியான்னு பாருங்க" என்று ஆரம்பித்தால் போதும். அரை நிமிடம் ஆகும். இதற்குக் கோபப்படுகிற டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை; பட்டாலும் பரவாயில்லை, சொல்லி முடித்துவிட்டே எழுந்திருங்கள். நீங்கள் சொல்வதைவிட அம்மாவே சொல்வது நல்லது, மாத்திரையை எடுத்துப் போடுவது அவர்தானே.

அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். காபி விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இத்தனை நாள் மருந்து சரியாகச் சேராமல் இருந்திருக்கலாம். அது தெரியாமல் ரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் பார்த்தால், டாக்டர் அளவைக் கூட்டி எழுதிவிடுவார்.