லூப் கேட்டே விடிந்துவிடுகிறதா? முதலில் நடையைப் பிரியுங்கள்

கேள்வி: நான் மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். கல்யாண வீடுகளுக்கும் தைப்பூசக் காவடிக்கும் தமிழ்ப் பாட்டுகளை எங்கள் தீவின் சேகா தாளத்தில் அமைத்துத் தருகிறேன். இசை அமைக்க ஏபிள்டன் லைவ் மென்பொருள் வைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கியது, இலவசமாக இறக்கியது, நண்பர்கள் அனுப்பியது என்று ஹார்ட் டிஸ்க் முழுக்க டிரம் லூப்தான், திரும்பத் திரும்பச் சுற்றவிடும் சின்னத் தாளப் பதிவுகள். ஒரு பாட்டுக்கு உட்கார்ந்தால் லூப் கேட்பதிலேயே இரவு போய்விடுகிறது. தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருப்பது, பாட்டில் போட்டதும் சப்பென்று ஆகிவிடுகிறது. ரவான் (சேகாவின் தோல் மேளம்) லூப்புகளோ டெம்போவோடு, அதாவது பாட்டின் வேகத்தோடு, சேருவதே இல்லை. எப்படி அடுக்குவது, எப்படிக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது? போன காவடியில் மொபைலில் பதிவு செய்த தவிலையும் பயன்படுத்த முடியுமா?

பதில்: ரவான் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீர்ந்தால் அடுக்குகிற வேலையில் பாதி தானாக முடியும்.

சேகாவின் ஓட்டம் 6/8, அதாவது ஒரு பாருக்குள் (தாளத்தின் ஒரு சுற்று) ஆறு சிறு அடிகள். நம் கணக்கில் திஸ்ர நடை, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று. மரவான் என்ற குலுக்கு வாத்தியத்தில் அந்த மூன்றும் தெளிவாகக் கேட்கும். ரவான் அதன்மேல் கனத்தை வைக்கும். ஆனால் உங்கள் மென்பொருளுக்கு இது தெரியாது. ஓர் ஆடியோ கோப்பைத் திறக்கும்போது, அதற்குள் வேறு தகவல் எழுதப்படவில்லை என்றால், பெரும்பாலும் 4/4 (பாருக்கு நான்கு தட்டு) என்று வைத்துக்கொண்டுதான் டெம்போவை ஊகிக்கும். வழுக்குவது இங்கேதான்.

நான்கு பார் ரவான் லூப் ஒன்று, நீளம் 5.33 விநாடி என்று வைத்துக்கொள்வோம். பாருக்குக் காலால் இரண்டு தட்டு, மொத்தம் எட்டு. 60-ஐ 8-ஆல் பெருக்கி 5.33-ஆல் வகுத்தால் 90 வரும். உங்கள் கால் தட்டுவது 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டு. திரையிலோ 135 என்று காட்டும். அதுவும் தப்பில்லை. 6/8 பாருக்குள் குவார்ட்டர் நோட் (இரண்டு சிறு அடி சேர்ந்தது) மூன்று, நான்கு பாருக்குப் பன்னிரண்டு. அந்தக் கணக்கில் 135 சரிதான். நம் ஊர் லூப்பில் திரையில் வரும் எண் உங்கள் கால் தட்டைப் போல ஒன்றரை மடங்காக இருந்தால், அது திஸ்ர நடை லூப் என்று சந்தேகப்படுங்கள்.

இப்போது 135 என்ற அந்த முத்திரையோடு லூப்பை 90 டெம்போ ப்ராஜெக்டில் இழுத்துப் போட்டால் என்ன ஆகும்? மென்பொருள் அதை மூன்றில் இரண்டு பங்கு வேகத்துக்கு இழுத்துவிடும். கால் தட்டு 60-க்கு இறங்கிவிடும், யாரும் ஆட முடியாது. இன்னோர் அடையாளமும் உண்டு. நான்கு பார் லூப் ஒன்று உங்கள் 4/4 ப்ராஜெக்டில் மூன்று பாரிலேயே முடிந்து மறுபடி தொடங்கினால், காரணம் இதேதான்.

தீர்வு எளிது. லைவில் கிளிப்பைத் திறந்து வார்ப்பை (லூப்பின் வேகத்தை இழுத்துப் பொருத்தும் வசதி) ஆன் செய்யுங்கள். அங்கே இருக்கும் பிபிஎம் கட்டத்தில் மென்பொருள் ஊகித்த 135-ஐ அழித்துவிட்டு நீங்களே 90 என்று அடியுங்கள். லூப் எட்டு தட்டாக, 4/4-இல் சரியாக இரண்டு பாராக உட்காரும். கிரிட்டை டிரிப்லெட்டுக்கு மாற்றிக்கொண்டால் மூன்று மூன்றாகக் கோடுகள் அடியோடு ஒட்டும். ப்ராஜெக்டையே 6/8 என்று வைத்து டெம்போவை 135 ஆக்குவது இன்னொரு வழி. பாட்டு முழுக்கச் சேகா என்றால் அது சுத்தமான வழி. ஆனால் உங்கள் வேலை கலப்பு வேலை. சினிமாப் பாட்டு மெட்டு, கீபோர்டு, அப்புறம் ஒரு செக்கே (சேகாவும் ரெகேயும் கலந்தது) திருப்பம் என்று மாறி மாறி வரும். அதற்கு 4/4, டிரிப்லெட் கிரிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். திருத்தியதும் கிளிப் அமைப்பில் இருக்கும் சேவ் பட்டனை அழுத்துங்கள். லூப் பக்கத்திலேயே ஒரு சிறு கோப்பில் அந்தத் திருத்தம் பதிவாகிவிடும், அடுத்த பாட்டில் மறுபடி செய்ய வேண்டியதில்லை.

டெம்போ சரியாக இருந்தும் லூப் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் விக்கினால், கோப்பு எம்பி3 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி3 ஆக மாற்றும்போது கோப்பின் தலையில் ஒரு துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும், பல சமயம் 25 மில்லிசெகண்ட் அளவுக்கு. பாட்டாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. லூப்பாகச் சுற்றினால் ஒவ்வொரு முதல் தட்டும் தாமதிக்கும். வாட்ஸ்அப்பில் பாட்டாக வருகிற லூப்பும் சுருக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நண்பரிடம் வேவ் கோப்பாக, டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, அடுக்குவதற்கு வருவோம்.

வாங்கிய பேக்குகளின் (லூப் தொகுப்புகளின்) ஃபோல்டர்களைத் தயவுசெய்து கலைக்காதீர்கள். பழைய ப்ராஜெக்டுகள் அந்த முகவரியில்தான் கோப்பைத் தேடும். நகர்த்தினால் போன வருஷத்துப் பாட்டைத் திறக்கும்போது பாதி ட்ராக் ஊமையாக இருக்கும். உரிமம் பற்றிய கோப்பும் அந்தப் பேக்கோடு இருப்பதுதான் நல்லது. யூட்யூபில் ஏற்றிய பாட்டுக்கு யாராவது உரிமை கோரினால் காட்ட உங்களிடம் அது வேண்டும். மூலத்தை அப்படியே விட்டுவிட்டு, தேறிய லூப்புகளை மட்டும் நகலெடுத்து வைக்கத் தனியாக ஒரு ஃபோல்டர் தொடங்குங்கள்.

அந்த ஃபோல்டருக்குள் முதல் பிரிவு நடை. சதுஸ்ரம் (தட்டுக்கு நான்கு), திஸ்ரம் (மூன்று), அப்புறம் கண்டமும் (ஐந்து) மிஸ்ரமும் (ஏழு) ஒன்றாக ஓரிடத்தில். பேக் விற்பவர்கள் ஹிப்ஹாப், ஹவுஸ், வேர்ல்டு என்று பிரிப்பார்கள், சிலர் இருண்டது, மகிழ்ச்சியானது என்றுகூட. அவை கடைக்கான பெயர்கள். நீங்கள் பாட்டுக்கு உட்காரும்போது முதலில் தெரிந்திருப்பது மெட்டு எந்த நடையில் போகிறது என்பதுதான். காவடிச்சிந்து மெட்டு திஸ்ரத்தில் துள்ளும்போது அதே திஸ்ரத்தில் இருக்கும் சேகா லூப் இயல்பாகக் கை கோக்கும். சதுஸ்ர லூப் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் இரவுகளில் பெரும்பகுதி, எந்த வகையிலும் பொருந்த முடியாத லூப்புகளைக் கேட்பதில்தான் போகிறது என்று நினைக்கிறேன். நடையைப் பிரித்ததுமே அவை கண்ணில் படாது.

நடைக்கு அடுத்தது கால் தட்டும் டெம்போ, அதற்கடுத்து லூப் என்ன வேலை செய்கிறது என்பது. கோப்பின் பெயரிலேயே இதை எழுதிவிடுங்கள்: திஸ்ரம்_090_ரவான்_முழு_4பார். 90 என்று எழுதாமல் 090 என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல மென்பொருள்கள் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தும், 90 போய் 120-க்குக் கீழே உட்கார்ந்துவிடும். 'முழு' என்றால் தனியாகவே பாட்டைத் தாங்கும் லூப். மரவான், ட்ரையாங்கிள், ஷேக்கர் மட்டும் இருந்தால் 'மேல்'. கிக் அல்லது கனமான அடி மட்டும் என்றால் 'அடி'. நான்காவது பாரில் மட்டும் உருட்டல் வரும் கோப்பு 'உருட்டு'. இந்த நான்கே போதும். டேக் பட்டியல் நீண்டால் மூன்றாவது மாதம் நீங்களே அதைப் பின்பற்ற மாட்டீர்கள்.

இருப்பது அத்தனையையும் ஒரே மூச்சில் அடுக்க உட்காராதீர்கள். ஒவ்வொரு பாட்டு வேலையிலும் கையில் பட்டதை மட்டும் பெயர் மாற்றி உள்ளே போடுங்கள். லைவில் கலெக்‌ஷன் நிறங்கள் ஏழு இருக்கின்றன, கோப்பைத் தேர்ந்தெடுத்து 1 முதல் 7 வரை ஓர் எண்ணை அழுத்தினால் நிறம் ஒட்டிக்கொள்ளும். ஒரு நிறத்தை இப்போது செய்யும் பாட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கி, பாட்டு முடிந்ததும் காலி செய்துவிடுங்கள். க்யூபேஸ் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மீடியாபேயில் நட்சத்திர மதிப்பீடு இருக்கிறது, அதையே இப்படிப் பயன்படுத்தலாம்.

இனி கேட்டுத் தேர்ந்தெடுப்பது. தனியாக நன்றாக இருந்தது பாட்டில் சப்பென்று ஆகிறது என்கிறீர்கள். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கும்.

ஒன்று சத்தம். பேக்கில் வரும் லூப்புகளை உச்ச அளவுக்கு முட்டும்படி அழுத்தித்தான் விற்கிறார்கள். சற்றே சத்தமாக இருப்பது நம் காதுக்குச் சற்றே நல்லதாகவும் படும், தெரிந்தவர்களுக்கும் இந்த மயக்கம் விலகாது. லைவில் பிரிவியூ சத்தத்தை மாஸ்டர் ட்ராக்கில் (லைவ் 12-இல் அதன் பெயர் மெயின்) உள்ள க்யூ குமிழ் கட்டுப்படுத்துகிறது. பாட்டில் டிரம் எந்த அளவில் உட்காருமோ அந்த அளவுக்கு அதை இறக்கிவிட்டு, பிறகு கேட்க ஆரம்பியுங்கள். பல லூப்புகளின் கவர்ச்சி அப்போதே பாதியாகிவிடும். மிச்சம் இருப்பதுதான் உண்மையான அடி.

இரண்டாவது, வெறுமையில் கேட்பது. தனியாகக் கேட்கும்போது லூப்புக்கு முழு இடமும் கிடைக்கிறது. பாட்டில் பேஸும் குரலும் அந்த இடத்தைப் பிடித்திருக்கும். ஆகவே லூப் தேடுவதற்கு முன்னால் பாட்டின் எட்டு பாரையாவது தயார் செய்யுங்கள்: பேஸ், ஒரு கார்டு வரிசை, நீங்களே முணுமுணுத்த குரல் போதும். அதைச் சுற்றவிட்டு, பிரவுசரின் ஹெட்ஃபோன் குறியை ஆன் செய்து, ரா பட்டனை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ரா ஆன் ஆகியிருந்தால் லூப் தன் சொந்த டெம்போவில் ஓடும். அணைந்திருந்தால் பாட்டின் டெம்போவுக்கு வந்து சேரும். ரீப்பர் மென்பொருளில் மீடியா எக்ஸ்ப்ளோரரின் டெம்போ மேட்ச், பார் தொடக்கத்தில் தொடங்கும் வசதி இரண்டையும் ஆன் செய்தால் இதே பலன். பாட்டு ஓடாமல் ஒரு லூப்பையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டாலே உங்கள் பிரச்சினையில் பெரிய பகுதி போய்விடும்.

முதல் சுற்றில் யோசிக்காதீர்கள். ஒவ்வொன்றும் இரண்டு பார். தலை ஆடினால் நிறம் போடுங்கள், இல்லையென்றால் கீழ் அம்பை அழுத்துங்கள். ஏழெட்டு சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள், இன்னும் நல்லது இருக்கும் என்ற ஆசையை அங்கே அடக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் அவற்றில் மூன்றை மட்டும் மூன்று ட்ராக்கில் போட்டு, மீட்டரை நம்பாமல் காதால் மூன்றின் சத்தத்தையும் சமப்படுத்தி, பாட்டு ஓடும்போதே சோலோவை மாற்றி மாற்றிக் கேளுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது டிரம் நன்றாக இருக்கிறதா என்பதை அல்ல. எந்த லூப் ஓடும்போது குரல் நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். பேசும் குரல் அளவுக்குச் சத்தம் வைத்துக் கேட்டால் காது சீக்கிரம் களைக்காது. பெரும்பாலானவர்கள் மொபைல் ஸ்பீக்கரில்தான் கேட்கப்போகிறார்கள், அதிலும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். ரவானின் கீழ்ச்சத்தம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போகும். அப்போதும் தாளம் புரிகிறதா என்பதுதான் சோதனை.

தேர்ந்தெடுத்த லூப்பை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்றும் ஒரு வார்த்தை. 90 லூப்பை 96-க்குக் கொண்டுபோவது சாதாரண விஷயம், லைவின் பீட்ஸ் வார்ப் முறை தாங்கும். 90-ஐ 120-க்கு இழுத்தால் ரவானின் தோல் அதிர்வு நறுக்கப்பட்டுத் தகரம்போல ஆகும். அப்படித் தேவைப்பட்டால் லூப்பை அடி அடியாக வெட்டி டிரம் ராக்கில் போட்டு மறுபடி வாசியுங்கள். ரீபிட்ச் முறையில் வேகத்தோடு சுருதியும் ஏறும், ஏறத்தாழ 6 சதவீதத்துக்கு அரை ஸ்வரம். ரவானுக்கு இது சில சமயம் அழகாகவே பொருந்தும். வாசிக்குமுன் ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டி இறுக்குகிற வாத்தியம்தானே அது, சுருதி கொஞ்சம் ஏறி நின்றால் காதுக்கு உறுத்தாது.

கடைசியாக உங்கள் தவில். தாராளமாகப் பயன்படுத்தலாம், நீங்கள் வாங்கிய எந்தப் பேக்கிலும் அந்தச் சத்தம் கிடைக்காது. இரண்டு சிக்கல்களை மட்டும் எதிர்பாருங்கள். மொபைல் ரெக்கார்டர் சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும். பலமான அடிக்குப் பிறகு வரும் மெல்லிய விரல் வேலை அமுங்கி, மெல்ல மெல்ல எழும்பும். பிறகு அதைச் சரிசெய்வது கடினம், எனவே அது தெரியாத இடங்களை மட்டும் வெட்டி எடுங்கள். அடுத்த முறை தானியங்கி அளவை அணைக்க முடிகிற ஒரு ரெக்கார்டர் ஆப்பில், வித்வானிடம் சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று வேகம். ஊர்வலத்தில் வாசிப்பவர் காவடி எடுப்பவரின் காலைப் பார்த்து வாசிக்கிறார், கிளிக்கைக் கேட்டு அல்ல. கோயில் நெருங்க நெருங்க வேகம் ஏறியிருக்கும். அதை ஒரே டெம்போவில் கட்டிப்போட ஒவ்வோர் அடிக்கும் வார்ப் குறி வைத்தால் உயிர் போய்விடும். பாரின் முதல் தட்டில் மட்டும் குறி வையுங்கள், நடுவில் இருப்பது அவர் வாசித்தபடியே இருக்கட்டும். அதைவிட நல்லது, தவில் கிளிப்பையே டெம்போ லீடராக வைத்துவிடுவது. லைவில் இந்த வசதி இருக்கிறது. அப்போது உங்கள் ரவானும் பேஸும் கீபோர்டும் தவிலின் வேகத்துக்குக் கூடவே ஏறி இறங்கும். இதற்கும் முதலில் தவில் எந்த நடையில் போகிறது என்று எண்ணிப் பார்த்து, கால் தட்டும் எண்ணைச் சரியாகக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மொத்தப் பாட்டும் ஒன்றரை மடங்கில் ஓடும்.